பொரி தின்ற பிக்கப்

அண்ணன் எனக்கு எழுதிய கடிதங்களிலேயே மிகச் சிறியது அதுதான். அடுத்த மாதம் மூன்றாவது சனிக்கிழமை பகல் விமானத்தில் சுபாங்கில் வந்து இறங்குகிறேன், டாக்சி வேண்டாம், பிக்கப்பை எடுத்துக்கொண்டு வந்துவிடு. திங்கட்கிழமையே பாசாருக்குக் காய் ஏற்றப் போக வேண்டும். நாற்பத்திரண்டு வயதில் என்னை எவனும் புதிதாக வேலைக்கு வைத்துக்கொள்ளப் போவதில்லை, எனக்கென்று இருப்பது அந்த வண்டி ஒன்றுதான். அவ்வளவுதான் கடிதம்.

அவருக்கென்று இருந்த அந்த ஒன்று, கிள்ளானில் என் வீட்டுக்குப் பின்னால் இருந்த தகரக் கொட்டகையில், நான்கு டயரும் காற்றிறங்கி, ஆறு வருடமாக அசையாமல் நின்றுகொண்டிருந்தது. முன் சீட்டில் எங்கள் வீட்டுக் கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. அதற்கு முன்பு அந்தக் கோழியின் தாயும் அதே சீட்டில்தான் அடைகாத்தது.

அண்ணன் கிரேன் ஓட்டப் புருணைக்குப் போனது எழுபதுகளின் நடுவில். அதுவரை கிள்ளான் பாசாரில் விடியற்காலையில் காய்கறி ஏற்றி, பிரிக்பீல்ட்ஸ் கடைகளில் கொண்டுபோய்ப் போடுவதுதான் அவர் பிழைப்பு. ஒரு வருடம் என்று சொல்லிவிட்டுப் போனார். ஒரு வருடம் என்று சொல்லிவிட்டுப் போகிற எல்லோரையும் போல அவரும் ஆறு வருடம் இருந்தார். எங்கள் இரண்டு தங்கைகளின் கல்யாணமும் அவர் கிரேனில் ஏறி இறங்கியதில் நடந்ததுதான். தனக்கென்று கல்யாணம் பண்ணிக்கொள்ள அவருக்கு நேரமும் இல்லை, மிச்சமும் இல்லை. என் பங்குக்கு அவர் கேட்டது ஒன்றே ஒன்று. ஞாயிற்றுக்கிழமைதோறும் வண்டியை ஸ்டார்ட் பண்ணி, ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்து நிறுத்த வேண்டும்.

அவருக்கு ஏழாம் எண் ராசி. போவதற்கு முதல் நாள், மீட்டரில் ஐந்து இலக்கமும் ஏழாக வந்து நிற்கும்வரை கிள்ளான் ஊரை இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டு, அதன் பிறகுதான் வண்டியைக் கொட்டகையில் விட்டார்.

"பார்த்துக்க, ஏழேழா நிக்குது. நான் வர்றப்ப நல்ல மைல் ஓடியிருக்கணும்லா" என்று சாவியை என் கையில் வைத்தார்.

நானும் பெரிய மனிதன் போல வாங்கிக்கொண்டேன். என்னிடம் அப்போது லைசென்ஸ் இல்லை. சீக்கிரம் எடுத்துவிடுவேன் என்று சொல்லியிருந்தேன். மூன்று முறை சோதனைக்குப் போனேன். மூன்று முறையும் மேட்டில் நிறுத்தி எடுக்கும் இடத்தில் வண்டி பின்னால் உருண்டது. மூன்றாவது முறை பின்னால் ஃபைலோடு நின்றிருந்த அதிகாரியும் ஓட வேண்டியதாயிற்று. அதோடு என்னை விட்டுவிட்டார்கள்.

ஓட்டத்தான் தெரியாது, ஸ்டார்ட் பண்ணவா தெரியாது என்று நீங்கள் கேட்கலாம். என் மனைவியும் கேட்டாள். முதல் நான்கு ஞாயிறு ஒழுங்காகச் செய்தேன். ஐந்தாவது ஞாயிறு மழை. ஆறாவது ஒரு கல்யாணம். அதற்கடுத்தது தூக்கம். இரண்டு மாதம் கழித்துச் சாவியைத் திருப்பியபோது பேட்டரி செத்துக் கிடந்தது. அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்று கொட்டகைக் கதவைச் சாத்தினேன். அந்த அடுத்த வாரம் வருவதற்குத்தான் ஆறு வருடம் ஆனது.

ஆனால் கடிதம் எழுதுவதை மட்டும் ஒரு மாதமும் விடவில்லை. நான் பிரிக்பீல்ட்ஸில் ஒரு அரசாங்க ஆபீசில் கிளார்க். நாள் முழுக்க எழுதுவதுதான் வேலை, கை சும்மா இருக்காது. முதல் பொய்யை ஒரே வரியில் எழுதினேன்: வண்டி நன்றாக ஓடுகிறது. அண்ணன் பதிலில், எங்கே ஓட்டினாய், எப்படி இழுக்கிறது என்று கேட்டிருந்தார். கேட்ட பிறகு சொல்லாமல் இருப்பது மரியாதை இல்லையே. கிள்ளானைத் தாண்டி மேரு பக்கம் போனேன் என்று எழுதினேன். வழியில் பெரிய தூங்குமூஞ்சி மரம், அதன் கீழே ஒரு மலாய்க்காரப் பெரியவரின் செண்டோல் கடை, அங்கே நிறுத்தி ஐஸும் தேங்காய்ப்பாலுமாக ஒரு கிண்ணம் குடித்தேன், வண்டி மேட்டில் மூச்சே வாங்கவில்லை.

அந்தச் செண்டோல் கடை அண்ணனுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. அவரோடு ஒரே அறையில் தங்கியிருந்த ஐந்து பேருக்கும் என் கடிதத்தைச் சத்தமாகப் படித்துக் காட்டுவாராம். இந்த வாரம் வண்டி எங்கே போனது என்று அவர்கள் கேட்டுக்கொண்டே இருப்பார்களாம். பிறகென்ன, எனக்குக் கொம்பு முளைத்துவிட்டது. சுபாங் ஜெயாவில் புதிதாகக் கட்டிக்கொண்டிருந்த வீடுகளைப் பார்க்கப் போனேன். மஸ்ஜித் இந்தியாவுக்கு என் மனைவியை ஏற்றிக்கொண்டுபோய்ச் சேலை எடுத்தேன். செண்டோல்காரருக்கு ஒரு மகளைக் கொடுத்து, அவளுக்குக் கல்யாணமும் பேசி வைத்தேன். நான்கு மாதம் கழித்து அண்ணன் கேட்டு எழுதினார், அந்தப் பெண்ணுக்குக் கல்யாணம் நல்லபடியாக முடிந்ததா என்று. முடிந்தது, கெண்டூரிச் சாப்பாட்டுக்கு என்னையும் கூப்பிட்டார்கள் என்று பதில் போட்டேன்.

சாட்சிக்கு வருடம் ஒரு போட்டோவும் அனுப்பினேன். ஆயுத பூசை அன்று கொட்டகையைத் திறந்து, வண்டியின் முன்பக்கத்தை மட்டும் கழுவி, சந்தனம் குங்குமம் வைத்து, சாமந்தி மாலை போட்டு, இரண்டு பக்கமும் வாழைக்கன்று கட்டி, பக்கத்தில் கைகூப்பி நின்று எடுத்துக்கொள்வேன். வாழைக்கன்று கட்டியது சாமிக்காக இல்லை, காற்றில்லாத டயரை மறைக்க. சக்கரத்தின் அடியில் எலுமிச்சம்பழமும் வைப்பேன். மற்றவர்கள் வண்டியை ஏற்றி நசுக்குவார்கள், என் எலுமிச்சம்பழம் வெயிலில் காய்ந்து கொட்டைப்பாக்கு போல அப்படியே கிடக்கும். ஓட்டாத குற்றம் உறுத்தியதால் படையலில் மட்டும் குறை வைக்கவில்லை. பானெட்டைத் திறந்து, எஞ்சின் மேலேயே பொரியையும் கடலையையும் அவலையும் இரண்டு கையாலும் அள்ளிக் கொட்டுவேன். எடுத்துவிடுங்கள் என்று என் மனைவி ஒவ்வொரு வருடமும் சொல்வாள். படைத்ததை எடுக்கக்கூடாது என்று ஒவ்வொரு வருடமும் நான் சாஸ்திரம் பேசுவேன். குனிந்து பொறுக்கச் சோம்பல் என்பதுதான் உண்மை.

ஆக, கடிதம் வந்த அன்றைக்கு எனக்கு இருந்தது மூன்று வாரம். பிரிக்பீல்ட்ஸில் ஆபீசுக்குப் பின்சந்தில் மெக்கானிக் ஒருவர் வொர்க்‌ஷாப் வைத்திருந்தார். ரயில்வேக் குடும்பத்து ஆள், மெதடிஸ்ட். அண்ணன் காய் ஓட்டிய காலத்தில் தினமும் அவர் வாசலில் ஒரு கட்டுக் கீரை இறக்கிவிட்டுப் போவார். அந்தக் கீரைக்காக மெக்கானிக் தன் வேனில் டூல்ஸ் பெட்டியைத் தூக்கிப் போட்டுக்கொண்டு கிள்ளானுக்கு வந்தார். கொட்டகைக்குள் எட்டிப் பார்த்தார். கோழி அவரைப் பார்த்தது.

"பாஸ், இத ரிப்பேர்னு சொல்லக்கூடாது. செத்தத எழுப்பறது. அத எங்க ஆண்டவர் ஒருத்தர்தான் செஞ்சிருக்காரு. அதுவும் நாலு நாளுதான் ஆயிருந்துச்சி."

ஆனாலும் சட்டையைக் கழற்றினார். கோழியை என் மனைவி முட்டைகளோடு கூடைக்கு மாற்றினாள். அது மூன்று வாரமும் எங்களைத் திட்டிக்கொண்டே திரிந்தது.

மெக்கானிக்குக்கு ஒரு பழக்கம், வண்டிக்கு அடியில் படுத்துக்கொண்டு ஞானப்பாட்டு முணுமுணுப்பார். பாட்டு நின்றால் பெரிய கோளாறு என்று அர்த்தம். முதல் வாரம் பாட்டு அநேகமாக நின்றே இருந்தது. டயரெல்லாம் வெடித்துப் பாளம் பாளமாக வந்தது. பின் பிரேக் துருவேறி டிரம்மோடு ஒட்டிக்கொண்டதால் சுத்தியலால் அடித்து அடித்துக் கழற்ற வேண்டியிருந்தது. டேங்கில் மிச்சமிருந்த பெட்ரோல் கெட்டுப்போய், வார்னிஷ் நாற்றத்தோடு பழுப்பாக ஒழுகியது. அதே பிசின் கார்புரேட்டருக்குள்ளும் போய் ஊசித் துளைகளையெல்லாம் அடைத்திருந்தது. ஒயர்களை எலி தின்றிருந்தது. அரைகுறையாக இல்லை, நிம்மதியாக உட்கார்ந்து தின்றிருந்தது.

எஞ்சின் சுற்றுமா என்பதே பெரிய கேள்வி. பிளக்குகளைக் கழற்றி, அந்த ஓட்டைகளில் எண்ணெய் ஊற்றி, இரண்டு நாள் ஊற வைத்தார். மூன்றாம் நாள் பெரிய ஸ்பேனரைப் போட்டு இருவரும் தொங்கினோம். முதலில் ஸ்பேனர்தான் நழுவி என் முழங்காலைப் பதம் பார்த்தது. பிறகு எஞ்சின் முனகிக்கொண்டு கால் சுற்று நகர்ந்தது. அவர் பாட ஆரம்பித்தார். நான் அழுதேன். முழங்கால் வலி என்று அவரிடம் சொன்னேன்.

புது பேட்டரி, புது ஒயர், புது பாயிண்ட், புது பிளக். இரண்டாவது வாரக் கடைசியில் சாவியைத் திருப்பினார். இருமியது, குலுங்கியது, ஸ்டார்ட் ஆனது. கொட்டகைத் தகரமெல்லாம் அதிர்ந்தது. ஒன்பது எண்ணுவதற்குள் நின்றது. மறுபடி திருப்பினார். மறுபடி ஒன்பது.

அடுத்த நான்கு நாள் அந்த ஒன்பதோடு மல்லுக்கட்டினோம். கார்புரேட்டரை மூன்று முறை கழற்றினார். பெட்ரோல் பம்பை மாற்றினார். டேங்கை இன்னொரு முறை கழுவினார். ஒன்பதுதான். வியாழக்கிழமை சாயங்காலம் ஸ்பேனரைத் தரையில் போட்டுவிட்டு, பீடியைப் பற்ற வைத்துக்கொண்டு ஒரு பெட்டியில் உட்கார்ந்தார்.

"பாஸ், உங்கண்ணன்கிட்ட உண்மையச் சொல்லிடுங்கலா."

எனக்கு அந்த யோசனையே பிடிக்கவில்லை. உண்மை என்றால் எதைச் சொல்வது? வண்டியைச் சொன்னால் கடிதத்தைச் சொல்ல வேண்டும், கடிதத்தைச் சொன்னால் செண்டோல்காரரைக் கொல்ல வேண்டும், அவர் மகள் இந்நேரம் பிள்ளை பெற்றிருப்பாள். அதெல்லாம்கூடப் பெரிதில்லை. திங்கட்கிழமை காலையில் அந்த மனிதர் எதை எடுத்துக்கொண்டு பாசாருக்குப் போவார்? தங்கைகள் நகை போட்டுக்கொண்டு போய்விட்டார்கள், நான் பென்ஷன் உள்ள நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன், அவருக்கு இந்தத் துருப்பிடித்த தகரம்தான் மிச்சம். அதையும் நான் தூங்கித் தூங்கியே கெடுத்திருந்தேன். அன்றைக்கு என்மேல் எனக்கு வந்த அருவருப்பை இப்போது நினைத்தாலும் கூசுகிறது.

என் மனைவி அப்போதுதான் துணி எடுக்கக் கொட்டகைக்குப் பின்னால் வந்திருந்தாள். "இன்னொரு தடவ ஸ்டார்ட் பண்ணுங்க" என்றாள். பண்ணினார். அவள் குனிந்து, மூர்ச்சையானவர்களின் மூக்கில் கை வைத்துப் பார்ப்பதுபோல, புகைக்குழாயின் வாயில் உள்ளங்கையை வைத்தாள். வண்டி ஒன்பதில் நின்றது.

"முன்னாடி இவ்வளவு சத்தம் போடுது, பின்னாடி மூச்சே வரலயே" என்றாள்.

மெக்கானிக் பீடியை எறிந்துவிட்டு எழுந்தார். ஒரு நீளக் கம்பியை வளைத்துக் குழாய்க்குள் விட்டு இழுத்தார். முதலில் நார் வந்தது, பிறகு கிழிந்த துணி, பிறகு எலிப்புழுக்கை. அதன் பிறகு பொரி. கடலை. கறுத்துப்போன அவல். மறுபடி பொரி. ஆறு வருடம் நான் அள்ளிக் கொட்டிய படையலை எலிகள் ஒன்று விடாமல் தூக்கிக்கொண்டுபோய்ப் புகைக்குழாய்க்குள் சேமித்து வைத்திருந்தன. புகை போக வழி இல்லாமல்தான் எஞ்சின் ஒன்பதில் மூச்சடைத்துச் செத்துக்கொண்டிருந்தது.

மெக்கானிக் ஒரு கடலையை விரலில் எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார்.

"எங்க திருவிருந்துல ஒரு சின்ன அப்பத் துண்டு, ஒரு முழுங்கு திராட்ச ரசம். அதோட முடிஞ்சிரும் பாஸ். வண்டியெல்லாம் கெடாது" என்றார்.

எடுத்துவிடுங்கள் என்று ஆறு வருடம் சொன்ன என் மனைவி, துடைப்பத்தை எடுத்துவந்து என் கையில் கொடுத்தாள்.

குழாயைக் கழற்றிச் சுத்தியலால் தட்டித் தட்டிக் கொட்டினார். மறுபடி மாட்டி ஸ்டார்ட் பண்ணி ஆக்சிலேட்டரை மிதித்தபோது, உள்ளே ஒட்டியிருந்த மிச்சமெல்லாம் ஒரே வெடியில் வெளியே வந்து, கொடியில் காய்ந்த என் ஆபீஸ் சட்டைகளின்மேல் விழுந்தது. நான் ஒன்பது எண்ணினேன், பத்து எண்ணினேன், நூறு எண்ணினேன். வண்டி நிற்கவில்லை.

சனிக்கிழமை சுபாங்குக்கு மெக்கானிக்தான் ஓட்டினார். கார் நிறுத்துமிடத்தில் இறங்கிச் சாவியை என்னிடம் கொடுத்துவிட்டு, "பொய் உங்களோடது பாஸ், நான் ஸ்டேரிங்க மட்டும்தான் புடிச்சேன்" என்று சொல்லி பஸ் ஏறப் போய்விட்டார்.

அண்ணன் வெளியே வந்தார். மெலிந்திருந்தார், முன்தலை வழுக்கை. என்னைத் தோளில் தட்டிவிட்டு நேரே வண்டியிடம் போனார். சுற்றி வந்தார். பானெட்டைத் தடவினார்.

"நல்லா வச்சிருக்கடா" என்றார். அவர் கண் கலங்கியது. எனக்கு அங்கேயே செத்துவிடலாம் போல இருந்தது.

சாவிக்குக் கை நீட்டினார். ஓட்டும் பிரச்சினை தீர்ந்தது என்று நிம்மதியாகப் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தேன். அவர் ஸ்டார்ட் பண்ணினார், கியரைப் போட்டார், மீட்டரைப் பார்த்தார். அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. டயரிலிருந்து ஒயர் வரை எல்லாவற்றையும் மாற்றிய எங்களுக்கு மீட்டர் என்று ஒன்று இருப்பது தோன்றவே இல்லை. 77796 என்று காட்டியது. ஆறு வருடத்துக்கு மொத்தம் பத்தொன்பது மைல். அதில் பெரும்பங்கு அன்று காலையில் ஓடியது.

அண்ணன் வண்டியை ரோட்டுக்கு எடுத்தார். பிறகு, "மீட்டர் கேபிள் அறுந்துபோச்சி போல. மாத்தணும்" என்றார்.

"ஆமாண்ணே, நீங்க போன வருஷமே அறுந்துபோச்சி" என்றேன். ஒரு பொய்க்கு ஆள் கைகொடுத்தால் விடுகிற வழக்கம் எனக்கு இல்லை.

நான்கு மைல் போயிருப்போம். எங்கள் இருவர் கண்ணுக்கும் முன்னால், மீட்டரின் கடைசி மூன்று இலக்கமும் ஒன்றாகப் புரண்டு 77800 என்று வந்து நின்றது. அண்ணன் மீட்டரைப் பார்த்தார். நான் ஜன்னல் வழியாக வெளியே பார்த்தேன்.

கிள்ளான் வந்தது. வீட்டுக்குத் திரும்ப வேண்டிய சந்தியில் அவர் திரும்பவில்லை, நேரே மேரு ரோட்டைப் பிடித்தார்.

"அந்தச் செண்டோல் கடையில ஒரு கிண்ணம் குடிச்சிட்டுப் போலாம்லா" என்றார்.

மேரு ரோட்டில் அப்போது மரத்துக்குப் பஞ்சமில்லை. முதல் பெரிய மரத்தின் அருகே வேகத்தைக் குறைத்தார். "இதா?" என்றார். இன்னும் கொஞ்சம் போகணும் என்றேன். அடுத்த மரம். "இதா?" இல்லைண்ணே. மூன்றாவது ஒரு தூங்குமூஞ்சி மரம். ஓரத்தில் நிறுத்தி எஞ்சினை அணைத்தார். மரத்தடியில் ஒரு ஆடு மட்டும் நின்றுகொண்டிருந்தது.

"கடை இல்லைண்ணே. எப்பவும் இருந்ததில்ல. எனக்கு லைசென்ஸே இல்ல. ஒரு நாள்கூட நான் வண்டிய எடுக்கல."

அவர் ஆட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "அந்தப் பொண்ணு கல்யாணம்?" என்று கேட்டார்.

"அதுவும் இல்லைண்ணே."

இறங்கினார். சுற்றி வந்து என் பக்கக் கதவைத் திறந்தார். அடிக்கப்போகிறார் என்று நினைத்தேன், அடித்தால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தேன். "அந்தப் பக்கம் போயி உக்காரு" என்றார். டிரைவர் சீட்டுக்கு நகர்ந்தேன்.

"ஸ்டார்ட் பண்ணு."

பண்ணினேன்.

"ஆஃப் பண்ணு. இது ஒரு ஞாயித்துக்கெழம. மறுபடி பண்ணு."

ரோட்டோரத்தில் கைகட்டி நின்றுகொண்டு அவர் எண்ணினார். ஆறு வருடத்துக்கு எத்தனை ஞாயிறு என்று கணக்குப் போட்டு எனக்கு வியர்த்தது. பன்னிரண்டாவது ஞாயிற்றில் வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி, புகைக்குழாயிலிருந்து எதையோ துப்பியது. அது போய் ஆட்டின் முன்னால் விழுந்தது. ஆடு முகர்ந்து பார்த்துவிட்டுத் தின்றது.

"என்னடா அது?"

"கடலைண்ணே. ஆயுத பூசைக்கு வச்சது."

எலிக் கதையைச் சொன்னேன். வாழைக்கன்று, காய்ந்த எலுமிச்சம்பழம், ஒன்பது எண்ணிக்கை, எல்லாவற்றையும் சொன்னேன். ஆறு வருடத்தில் அவருக்கு நான் சொன்ன முதல் உண்மைக் கதை அதுதான். சிரிக்கக்கூடாது என்று வாயை இறுக்கிக்கொண்டிருந்தவர், சட்டைமேல் பொரி பறந்த இடத்தில் தோற்றுப்போய், பானெட்டில் கையை ஊன்றிக்கொண்டு சிரித்தார்.

சிரித்து முடித்து முகத்தைத் துடைத்துக்கொண்டவர், என்னைப் பார்க்காமலே சொன்னார்.

"மூணாவது மாசமே திரும்பி வந்துடலாம்னு பெட்டியக் கட்டிட்டேன்டா. அன்னிக்கித்தான் உன் லெட்டர் வந்துச்சி, மேரு போனேன், செண்டோல் குடிச்சேன்னு. சரி, வண்டி உசுரோட இருக்கு, இன்னும் கொஞ்ச நாள் இருந்து பார்ப்போம்னு கட்டின பெட்டியப் பிரிச்சிட்டேன்."

அது எனக்குச் சொன்ன நன்றியா, கொடுத்த திட்டா என்று நான் கேட்கவில்லை. நாற்பது வருடத்துக்கு மேல் ஆகிறது, இன்னமும் எனக்குத் தெரியவில்லை.

அவர் ஏறி உட்கார்ந்து வண்டியைத் திருப்பினார். திங்கட்கிழமை விடியற்காலை பாசாருக்குப் போனார், செவ்வாய்க்கிழமையும் போனார். வாரத்தில் ஆறு நாள் அவர் ஓட்டினார். ஞாயிற்றுக்கிழமை அவர் தூங்குவார், நான் எழுந்துபோய் ஸ்டார்ட் பண்ணி, நூறு எண்ணிவிட்டு அணைப்பேன். ஆறு நாள் ஓடுகிற வண்டிக்கு அது தேவையே இல்லை என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். அந்த வண்டியை விற்கும்வரை ஒரு ஞாயிற்றுக்கிழமைகூட நான் விடவில்லை.